ஒற்றைப் பிடிப் பெட்டி

புன்னைத்துறையில் கடலும் கோயிலும் போக மூன்றாவதாகப் பெருமை சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது விடிவெள்ளி இன்னிசைக் குழுதான். அந்தக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற லியாண்டருக்குப் பாட்டு முழுக்கத் தன் விரலில் இருக்கிறதென்று நினைப்பு, பாடுகிறவர்களுக்குத் தங்கள் தொண்டையில் இருக்கிறதென்று நினைப்பு, ஆனால் பின்னால் ஓரமாக நின்று நாலு தடித்த கம்பிகளைச் சுண்டிக்கொண்டிருக்கும் பேஸ் கிடார்காரர் பெர்க்மான்ஸ் கையை எடுத்துவிட்டால் பாட்டு மொத்தமும் அஸ்திவாரம் இல்லாத வீடாக ஆட ஆரம்பித்துவிடும் என்பது ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பெர்க்மான்ஸ், இன்னொருத்தி அவர் மனைவி கித்தேரி. அவளுக்கோ காது கேட்காது.

பிறவியிலேயே அப்படியில்லை. கல்யாணமான மறுவருஷம் மாதா சப்பரம் கோயில் முற்றத்துக்குத் திரும்பும்போது போட்ட வேட்டு ஒன்று மேலே போகாமல் பெண்கள் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே வெடித்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றோடு கித்தேரிக்குக் கடல் ஊமையாகிவிட்டது, மாமியார் ஏசுவதும் கேட்காமல் போனது, அந்த ஒரு விஷயத்தில் கொடுத்துவைத்தவள் என்று ஊர்ப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள், அவளும் அவர்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு கூடவே சிரித்தாள். சிரித்தாளே ஒழிய, பாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க முடியாமல் போன துக்கம் அவளை உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், பெர்க்மான்ஸ் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவள் அரிசி புடைக்க இடம் தேடி வந்து அவருடைய ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையில் சுளகு அப்படியே நின்றுவிட்டது, முதுகெலும்பு வழியாக ஏதோ ஏறி வயிற்றுக்குள் இறங்கி நெஞ்சில் வந்து உட்கார, "இது நம்ம கல்யாணத்துல வாசிச்ச பாட்டுல்லா" என்றாள். அந்தப் பாட்டேதான்.

அன்றிலிருந்து கச்சேரி எங்கே நடந்தாலும் கித்தேரி இல்லாமல் பெர்க்மான்ஸ் போனதில்லை. அந்தப் பெட்டியும் லேசுப்பட்டதில்லை, உள்ளே நாலு பெரிய ஸ்பீக்கர்கள், அதன் காந்தங்கள் அம்மிக்கல் கனம், சுற்றிலும் தடித்த பலகை, மூலைக்கு மூலை இரும்பு, இடப்பக்கம் ஒரு பிடி, வலப்பக்கம் ஒரு பிடி. ஒற்றை ஆள் தூக்க நினைத்தால் முதுகு போய்விடும். புருஷன் ஒரு பக்கமும் பெண்சாதி ஒரு பக்கமும் பிடித்து, கால் ஒத்து நடை ஒத்து, தெருவழியே அதைத் தொட்டில்போல ஆட்டிக்கொண்டு வேன் நிற்கிற இடத்துக்குப் போவார்கள். வழியில் மாதா சிலை நிற்கிற குகைபோன்ற கெபி வந்ததும் இறக்கி வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, வலித்த கைக்கு ஓய்வு கொடுக்கப் பக்கம் மாறி நின்று, மறுபடியும் தூக்குவார்கள். இது ஒரு வழக்கமாகவே ஆகிப்போய், கெபி பக்கம் யாராவது பக்கம் மாறி நின்றாலே பெட்டிக்காரர் மாதிரி என்று சொல்லும் அளவுக்கு ஊரில் ஊன்றிவிட்டது. கச்சேரி தொடங்கியதும் மேடைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து பெட்டியில் சாய்ந்துகொள்வாள் கித்தேரி. மறுநாள் காலையில் அடுப்படியில் நின்று அவள் முனகுவது பாட்டின் மெட்டாக இருக்காது, அடியில் ஓடுகிற பேஸ் மட்டும்தான் இருக்கும், டும்மென்றும் டுடும்மென்றும் அவள் முனகுவதைக் கேட்டு மீன்காரிகள் இது என்ன பாட்டுடி, வயிற்றுப்போக்குக்காரன் பாட்டா என்று கேலி செய்வார்கள். பெர்க்மான்ஸ் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். ஏனென்றால் முந்தின நாள் தான் எந்த இடத்தில் தப்பாக வாசித்தாரோ, அந்த இடத்தில் அவள் முனகலும் அதே தப்போடு வரும். ஊரில் வேறு ஒருவனுக்கும் தெரியாத அந்தத் தப்பு அவளுடைய வாயில் பத்திரமாக இருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு காலையில் கித்தேரியால் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. தோள்பட்டை நோகுது என்றாள். இத்தனை வருஷம் தன் பெட்டியைத் தூக்க வைத்தே அவள் தோளைத் தேய்த்துவிட்டோமே என்று பெர்க்மான்ஸ் தன்னையே நொந்துகொண்டு, அன்றைக்கே எடை குறைந்த பெட்டி ஒன்று வாங்குவதென்று முடிவுகட்டிவிட்டார்.

எடை குறைந்த பெட்டிகளில்தான் எத்தனை தினுசு! இப்போதெல்லாம் காந்தத்தையே மாற்றிவிட்டார்கள், கைக்குள் அடங்குகிற காந்தம் அம்மிக்கல் காந்தத்தின் வேலையைப் பார்க்கிறது, பலகையும் தக்கையாகிவிட்டது. பெர்க்மான்ஸ் வாங்குவதற்கு முன்னால் தெரிந்த வாத்தியக்காரர்களிடம் இரவல் கேட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பார்த்தார். ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்த சின்னப் பெட்டி ஒன்றைச் சடங்கு வீட்டுக்குக் கொண்டுபோனார், தூக்குச்சட்டி போலக் கையில் ஆட்டிக்கொண்டு போகலாம், ஆனால் சத்தம் சோறு வடித்த கஞ்சித் தண்ணீராக இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டியைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனார், சத்தம் நெஞ்சில் நச்சென்று குத்தியது, வயிற்றுக்கு இறங்க மாட்டேன் என்றது. அகலமான ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியைக் கோயிலில் ஊருக்கே சோறு போடுகிற அசன விருந்துக்குக் கொண்டுபோனார், வயிற்றுக்கு இறங்கியது, ஆனால் கொஞ்சம் கூட்டி வைத்தால் பிள்ளை பெறுகிறவள்போல முக்கியது. ஒவ்வொன்றையும் மீன் ஏலக்காரர் தொம்மையின் தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்தார்கள், தொம்மையும் சீலா மீனுக்குச் சொல்கிற அதே ராகத்தில் எடையைக் கூவினார், லியாண்டர் ஒன்றைச் சொல்ல டிரம்ஸ்காரர் இன்னொன்றைச் சொல்ல, கடற்கரையே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. கடைசியில் தூத்துக்குடியில் ஒரு கடையின் மூலையில், இதை எப்போது வாங்கி வைத்தோம் என்று கடைக்காரருக்கே ஞாபகமில்லாத ஒரு கறுப்புப் பெட்டி அகப்பட்டது. எடை பூப்போல, சத்தம் தேன்போல, மேலே நடுவில் தூக்குவதற்கு வசதியாக ஒற்றைப் பிடி. காதால் ஒப்பிட்டு, கையால் ஒப்பிட்டு, தராசால் ஒப்பிட்டு, இதுதான் என்று பெர்க்மான்ஸ் அதைக் கொண்டுவந்தார், பழைய பெட்டியைத் தோப்புவிளைக் கோயில் பாடகர் குழுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை கித்தேரி வீடு பெருக்கும்போது வாரியல் பெட்டிக்கு அடியில் தட்டாமல் முட்டாமல் போய் அந்தப் பக்கமாக வெளியே வந்தது. குனிந்து பார்த்தாள், தரைக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. எடை குறைந்த சாமான் என்றால் இப்படித்தான் இருக்கும்போல, பெருக்குவதற்கும் தோதுதான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பெர்க்மான்ஸ் எழுந்து வந்து பார்த்து, கடைக்காரர் கொடுத்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார், பெட்டி தரையில் நிற்கும் என்று அதில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள்? கடலுக்குப் போகிற ஊர், தினம் காணாததைக் கண்டு வருகிற ஊர், அது எதற்கு அசரும். முதல் கவலை, காற்றடித்தால் பெட்டி போய்விடுமே என்பதுதான். எந்தக் கயிற்றில் கட்டுவது, எந்த முடிச்சைப் போடுவது என்று படகோட்டுகிற வல்லத்துக்காரர்கள் ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் பழைய நங்கூரம் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கி அதில் பெட்டியைக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, ஆடுகிற பெட்டியில் பூனை ஏறாதே என்று பெட்டியின் மேல் கருவாடு காயப்போட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் போட்டாள், அடுத்த கச்சேரியில் லியாண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசித்தார். தொம்மை தன் தராசில் மாட்டிப் பார்த்தார், கொக்கி கீழே இறங்குவதற்குப் பதில் மேலே போக, இத்தனை காலத்தில் முதல்முறையாக எடை கூவாமல் வாயை மூடினார். பங்குச் சாமியாரிடம் போய் இது மாதா காட்டின அற்புதமா, புதுமையா சாமி என்று கேட்டார்கள். கடையில் பில் போட்டு வாங்கின சாமானைப் புதுமை என்று நான் மேலிடத்துக்கு எழுதினால் என்னை எங்கே மாற்றுவார்கள் தெரியுமா என்று அவர் கேட்க, அதுவும் நியாயம்தான் என்று திரும்பி வந்தார்கள்.

வெளியூர் பேஸ்காரர்கள் அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். என்னுடையது எத்தனை லேசு பார் என்று ஒருவன் ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டுவான், என்னுடையது அதைவிட லேசு என்று இன்னொருவன் இரண்டு விரலில் தூக்கிக் காட்டுவான், அப்புறம் பெர்க்மான்ஸ் வீட்டு முற்றத்துக்கு வந்து, அந்தரத்தில் நிற்கிற பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் திரும்பவும் பஸ் ஏறுவார்கள். வாசிக்க வாசிக்கப் பெட்டி உயர்ந்தது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு சாண், ஒரு முழம் என்று மேலே போய், கயிற்றை விடவிட ஏறி, தென்னை உயரத்திலிருந்து சத்தம் கூரைகளுக்கு மேலாக நடந்து கடலுக்குப் போனது. வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுக் கரை இருக்கிற திசையைப் பிடித்ததாகச் சொன்னார்கள். இதற்கு மேல் ஒரு ஊருக்கு என்ன வேண்டும்? வருகிற பரலோக மாதா திருவிழாவில் பெட்டியைக் கோயில் கோபுரத்து உச்சிவரை ஏற்றி, அத்தனை கரைக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பதென்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள்.

எல்லாம் சரி, கித்தேரியை யாரும் பார்க்கவில்லை. புதுப் பெட்டியோடு போன முதல் கச்சேரிக்கு அவள் வழக்கம்போலச் சேலையை இழுத்துச் செருகி, உள்ளங்கை நோகாமலிருக்க மடித்த துணியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கையை நீட்டினாள். பிடிக்க அவள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இனிமேல் நீ மகாராணி மாதிரி சும்மா வா என்று பெர்க்மான்ஸ் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, மேலே இருந்த ஒற்றைப் பிடியில் இரண்டு விரலைக் கோத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கெபி வந்தது, இறக்கி வைக்க அவசியமில்லை, பக்கம் மாற அவசியமில்லை, நேரே நடந்து போய்விட்டார். அவள் மட்டும் நின்று சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பெட்டியில் சாய்ந்தாள், அது அவள் முதுகு பட்டதும் படகுபோல விலகிப் போக, மல்லாந்து விழப்போய் முழங்கையை ஊன்றிக்கொண்டாள், பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மணலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தரையைத் தொடாத பெட்டி மணலுக்கு எதைச் சொல்லும்? அடுத்த கச்சேரிக்குத் தோள் நோகுது, நீங்க போயிட்டு வாங்க என்றாள், அதற்கடுத்ததற்கும் அதையேதான் சொன்னாள்.

பெயரும் புகழுமாக அலைந்துகொண்டிருந்த பெர்க்மான்ஸுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. திருவிழாக் கொடி ஏறின மறுநாள் காலையில் காப்பிக்கு உட்கார்ந்தவர், முந்தின நாள் தான் ஒரு இடத்தில் தடுக்கியது அவளுடைய முனகலில் வருமே என்று தானறியாமல் காத்துக்கொண்டிருந்தார். தோசை சுடுகிற சத்தம் கேட்டது, சட்டி நகர்கிற சத்தம் கேட்டது, வேறு ஒன்றும் இல்லை. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று யோசித்தார், அவருக்கே தெரியவில்லை, அப்போதுதான் பயம் பிடித்தது. எழுந்துபோய் அவளுக்கு உதடு தெரிகிற மாதிரி முன்னால் நின்றார்.

"ஏன் கித்தேரி, பாட்டு ஒன்னும் வரலையே?"

"கேட்டாத்தானே வரும்" என்றாள் அவள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

"தோள் நோகுதுன்னுதானே இத வாங்குனேன். உனக்காகத்தானே வாங்குனேன்."

"நோகுதுன்னு சொன்னேன். வேண்டாம்னு சொன்னேனா?" அவள் குரல் அவளுக்கே கேட்காததால் சிலநேரம் உரத்துப் போய்விடும், அன்று தெருவரை போயிற்று. "ஊரு பூரா வந்து அதத் தொட்டுப் பாத்துட்டுப் போகுது. நான் கைவைக்க அதுல ஒரு எடம் இல்லியே."

பெர்க்மான்ஸ் காப்பியைக் குடிக்கவில்லை. தோப்புவிளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் பழைய பெட்டியை எப்படித் திருப்பிக் கேட்பது என்று வார்த்தை கூட்டிக்கொண்டே போனார். அங்கே கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் அவரைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எலி கடித்து ஸ்பீக்கர்களெல்லாம் வீணாகிவிட்டதாம், வெறும் பெட்டியைத் தூக்கிப் போடுவானேன் என்று கோழிக்கூடாக்கியிருந்தார்கள், உள்ளே ஒரு கோழி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு இவரை முறைத்தது. பெட்டியின் ஒரு பக்கத்தில், கித்தேரி இத்தனை வருஷம் சாய்ந்திருந்த இடம் மட்டும் தேய்ந்து மழமழவென்று இருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த இரண்டு பிடியை மட்டும் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஆள் ஒரு மாதிரியாகிவிட்டார் என்று உபதேசியார் நினைத்திருக்க வேண்டும், திருப்புளியை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது மடியில் இரண்டையும் வைத்து, எது அவளுடையது எது தன்னுடையது என்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கெபியில் மாறிப் பிடித்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்து, ஒன்றுபோலக் கறுத்து, எது எதென்று தெரியவில்லை.

பரலோக மாதா திருவிழாவன்று சாயங்காலம், பெட்டியைக் கோபுரத்துக்கு ஏற்றுவதற்குக் கயிறும் கப்பியுமாக ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது, பெர்க்மான்ஸ் அதை இழுத்துக் கட்டி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார். லியாண்டர் தலையில் அடித்துக்கொண்டார், ஓட்டை போட்டால் சத்தம் செத்துவிடும் என்றார், ஊரே கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது இது என்ன கூத்து என்றார். கரை சேருகிற நேரத்தில் வலையை அறுக்கிறீரே என்று தொம்மையும் சேர்ந்துகொண்டார். பெர்க்மான்ஸ் திருகாணியைக் கையில் எடுத்தார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு பிடிகளையும் முறுக்கி முடித்து, நங்கூரத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தார். கித்தேரி வாசலில் நின்றிருந்தாள், சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், உள்ளங்கையில் மடித்த துணி இருந்தது.

"வா, பிடி" என்றார், உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி.

அவள் வந்து பிடித்தாள். பிடித்ததும் பெட்டி ஒரு தரம் ஆடியது, மேலே போகவா கீழே போகவா என்று யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் மெதுவாக, வெகு மெதுவாக, அவர்கள் இரண்டு பேர் கையும் நேராகிற வரைக்கும் இறங்கி, கனத்தது. பழைய கனம், அதே கனம். கித்தேரிக்குத் தோளில் சுரீரென்றது, உதட்டைக் கடித்துக்கொண்டாள், கடித்த உதட்டுக்குள்ளேயே சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் கால் ஒத்து நடை ஒத்து தெருவில் இறங்கினார்கள், ஊர் வழிவிட்டது. கெபி வந்ததும் இறக்கி வைத்தார்கள், மணல் நறுக்கென்று அமுங்கியது, சிலுவை போட்டுக்கொண்டார்கள், பக்கம் மாறினார்கள், தூக்கினார்கள். அவர்கள் போன பிறகு மணலில் பெட்டி பதிந்த சதுரத்தைச் சுற்றி நின்று ஊர் முணுமுணுத்தது. பறந்துகொண்டிருந்த சாமானை இப்படிப் பாழாக்கிவிட்டாரே, கடலுக்குக் கேட்டதே, இனி வெளியூர்க்காரன் எவன் வருவான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நீங்க போய் பெர்க்மான்ஸ்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும் சாமி என்று பங்குச் சாமியாரைப் பிடித்து இழுத்தார்கள்.

"மாதா பரலோகத்துக்கு மேல போன திருநாள்தான், நான் இல்லங்கல" என்றார் அவர். "ஆனா ஆண்டவர் கீழ இறங்கித்தானேய்யா வந்தாரு."

அதைக் கேட்டுவிட்டுக் கயிற்றையும் கப்பியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு கச்சேரி பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். விளக்குப் போட்டார்கள். மேடைக்குப் பின்னால் கித்தேரி மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் பயந்து பயந்து முதுகைச் சாய்த்தாள், பெட்டி விலகவில்லை. பெர்க்மான்ஸ் எல்லாவற்றிலும் தடித்த கம்பியை ஒரே ஒரு தரம் சுண்டிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். அவள் தோள் இறங்கியது, கழுத்து தளர்ந்தது, வெகுநாள் வெளியே நின்றவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது போல இருந்தது அவளைப் பார்க்க. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்ததில் மூன்றாவது பாட்டின் நடுவில் பெர்க்மான்ஸின் விரல் வழுக்கி ஒரு தப்பு விழுந்தது, லியாண்டருக்கே தெரியவில்லை, ஊருக்கு எங்கே தெரியப்போகிறது.

மறுநாள் காலை, விஷயம் தெரியாத பேஸ்காரர் ஒருவர் வள்ளியூரிலிருந்து வந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இதுதானா அந்த லேசான பெட்டி, என்ன எடை இருக்கும் அண்ணாச்சி என்று கேட்டார். ரெண்டு ஆள் எடை இருக்கும் என்றார் பெர்க்மான்ஸ். வந்தவர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். பெர்க்மான்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அடுப்படியில் தோசைச் சட்டி சொய்யென்றது, அதற்குப் பின்னால் டும்மென்றும் டுடும்மென்றும் கித்தேரி முனகிக்கொண்டிருந்தாள், முதல் பாட்டு போயிற்று, இரண்டாவது பாட்டு போயிற்று, மூன்றாவது பாட்டின் நடுவில், அதே இடத்தில், அந்தத் தப்பு வந்தது.